கடைசி நம்பர்

எங்கள் வீடு அரியலூரிலிருந்து செந்துறை போகும் சாலையின் ஓரத்தில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் பொழுது விடிந்ததிலிருந்து அந்த வழியாகத்தான் போகும். கொடியில் போட்ட துணி காய்வதற்குள் ஒரு படலம் தூசி ஏறிவிடும். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே ஜெயசுதா ஜன்னலைச் சாத்திக்கொண்டே, "என்னய ஒங்களுக்குக் கட்டிக் குடுத்தாங்களா, இந்த லாரிவளுக்குக் கட்டிக் குடுத்தாங்களா?" என்று கேட்டாள். நானும் நாள் முழுக்க லாரியோடு இருப்பவன்தான்.

பிறகு கவியா பிறந்து மூன்று வயது முடிந்ததும், அதே லாரிகளை வைத்து ஜெயசுதா ஒரு விளையாட்டை உண்டாக்கினாள். அதற்குக் கடைசி நம்பர் என்று பெயர்.

மூன்று பேருக்கும் ஆளுக்கொரு டப்பா. கவியாவுக்குச் சிவப்பு மூடி, அம்மாவுக்குப் பச்சை, எனக்கு மூடி தொலைந்துபோனது. ஒன்று, இரண்டு, மூன்று கவியாவுடைய எண்கள். நாலு, ஐந்து, ஆறு அம்மாவுக்கு. ஏழு, எட்டு, ஒன்பது எனக்கு. லாரி போகும்போது நம்பர் பிளேட்டின் கடைசி எண் யாருடையதோ, அவர் டப்பாவில் ஒரு கல். பூஜ்யம் வந்தால் முட்டை, யாருக்கும் கிடையாது. முதலில் பத்துக் கல் சேர்த்தவர்தான் ஜெயித்தவர். அன்றைய முதல் தோசை அவருக்கு.

கல் நான் கொண்டுவந்தது. எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறையில் கல்லாகிப் போன சிப்பிகளும் நத்தைகளும் கிடக்கும். எப்போதோ இங்கே கடல் இருந்தது என்பார்கள். லாரியிலிருந்து உதிர்ந்து கிடப்பதில் சின்னதாக, வழவழப்பாக இருப்பதைப் பொறுக்கி டிபன் பாக்ஸில் போட்டு எடுத்துவருவேன்.

எனக்கு வேலை ஒரு குவாரியின் எடைமேடையில். லாரி மேடையில் ஏறி நின்றதும் நம்பரையும் எடையையும் கம்ப்யூட்டரில் போட்டுச் சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு தடவை ஆறை எட்டு என்று அடித்துவிட்டேன். ஒரு லாரியின் நடைக்கணக்கு இன்னொரு லாரிக்குப் போய்விட்டது. டிரைவர் இருவரும் என் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மெமோ கொடுத்தார்கள். அன்றிலிருந்து எந்த நம்பரையும் வாய்விட்டு இரண்டு தடவை படித்த பிறகுதான் அடிப்பேன். டிரைவர்கள் எனக்கு 'ரெண்டு தடவ சக்தி' என்று பெயர் வைத்தார்கள்.

விளையாட்டில் நம்பர் படிப்பது ஜெயசுதாவின் வேலை. வாசல் மேல்படியில் மடியில் கவியாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் வேலை முடிந்து சைக்கிளை நிறுத்தும்போது விளையாட்டு பாதி நடந்திருக்கும். ஒரு நாள் என் கண்ணெதிரே ஏழில் முடியும் லாரி போனது. ஜெயசுதா கொஞ்சமும் கூசாமல், "மூணு! கவியாவுக்கு!" என்றாள்.

"ஏழு" என்றேன். "ஏழு."

"அதெல்லாம் மூணுதான்."

"புள்ளைக்குத் தப்புத் தப்பா சொல்லிக் குடுக்குற சுதா. நாளைக்கு ஸ்கூல்ல போயி ஏழ மூணுங்கும்."

"ஒங்க நேர்மைய எடைமேடையிலயே வச்சிட்டு வாங்க. இங்க வந்து என் வெளையாட்டக் கெடுக்காதீங்க."

கவியா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கோபமாக உள்ளே போய்விட்டேன். இதற்காக இரண்டு மூன்று தடவை சண்டை போட்டிருக்கிறோம். அப்புறம் நான் வரும் நேரத்தில் விளையாட்டை முடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

அந்த வருஷம் ஆடிக்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தது. நான் வீட்டுக்கு வரும்போதே என் டப்பாவில் ஐந்து, ஆறு கல் இருக்கும். சில நாள் முதல் தோசை என் தட்டில் விழும். "இன்னிக்கு நீங்கதான் ஜெயிச்சீங்க" என்பாள் ஜெயசுதா. நான் இல்லாமலே நான் ஜெயிப்பது எப்படி என்று யோசிக்கவில்லை. சண்டை போட்டதற்காகச் சமாதானம் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தின்றேன்.

அக்டோபரில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் இரத்தத்தில் தட்டணுக்கள் குறைகின்றன என்று திருச்சிக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்சில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தோசமாவு பொங்கி வழியும், பக்கத்து வூட்டுல சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்க" என்றாள். ஐந்தாம் நாள் காலையில் போய்விட்டாள்.

காரியம் முடிந்ததும் ஜெயசுதாவின் அக்கா மலர்கொடி கவியாவைப் பெரம்பலூருக்கு அழைத்துக்கொண்டு போனார். துறைமங்கலத்தில் வீடு. அவர் கணவர் செல்லக்கண்ணு டிராக்டர் சாமான் கடை வைத்திருக்கிறார். ஒரே மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். நான் ஷிப்டுக்குப் போகிறவன், நாலு வயதுப் பிள்ளையைத் தனியாக வைத்துக்கொள்ள முடியாது. அப்போது அதுதான் சரியாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கவியா பெரியம்மாவிடம் பேசினாள், பெரியப்பாவிடம் பேசினாள். என்னிடம் மட்டும் தலையை ஆட்டுவாள். சாப்பிட்டியா என்றால் ஆட்டுவாள். அப்பாவ ஞாபகம் இருக்கா என்றால் அதற்கும் ஆட்டுவாள்.

நான் டப்பாக்களையும் கற்களையும் பையில் போட்டுக் கொண்டுபோனேன். அவர்கள் தெருவில் லாரி கிடையாது, பைக்குகள்தான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நானே நம்பர் படித்தேன். "நாலு. நாலு. அம்மாவுக்கு." பச்சை மூடி டப்பாவைத் திறந்து கல்லைப் போட்டேன். "ஒம்போது. ஒம்போது. அப்பாவுக்கு." கவியா இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு. ரெண்டு. ஒனக்குடி!" என்று அவள் கையில் கல்லைக் கொடுத்தேன். அவளும் வாங்கி டப்பாவில் போட்டாள். மூன்றாவது ஞாயிறு, பாதி விளையாட்டில் எழுந்து உள்ளே போய்விட்டாள். அம்மா ஞாபகம் வருகிறது போலும் என்று நானும் டப்பாக்களைக் கொண்டுபோவதை விட்டுவிட்டேன். அழுத்தினால் எழுத்துச் சொல்லும் ஒரு பலகை வாங்கிக் கொடுத்தேன். வண்ண வண்ணக் கட்டைகள் வாங்கிக் கொடுத்தேன். "கட வச்சிர்லாம் சகல, அவ்வளவு சாமான் ஆயிப்போச்சு" என்றார் செல்லக்கண்ணு.

பொங்கல் கழிந்து ஒரு நாள் மலர்கொடி அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, நான் ஒங்க புள்ளயப் புடுங்கிக்கிட்டேன்னு யாரும் சொல்லிறக் கூடாது. அது ஒங்க புள்ள. ஆனா ஒங்களப் பாத்தா வாயே தொறக்க மாட்டேங்குது. பேசாத புள்ளய அந்த லாரி ரோட்டுல வச்சிக்கிட்டு நீங்க ஒத்தையில என்ன பண்ணுவீங்க? மே கடைசி வரைக்கும் பாப்போம். அதுவா வாயத் தொறந்து 'அப்பாவோட போறேன்'னு சொல்லட்டும், அடுத்த பஸ்லயே அனுப்பிடுறேன். சொல்லலன்னா ஜூன்ல இங்கயே ஸ்கூல்ல போட்ருவோம். சரிதானே?"

சரி என்றேன். நியாயமாகத்தான் சொன்னார்.

ஷிப்டைக் காலை ஆறிலிருந்து இரண்டுவரை மாற்றிக் கேட்டு வாங்கினேன். காலையில் கவியாவை எழுப்பிக் கிளப்பி ஸ்கூல் வேனில் ஏற்றிவிடப் பக்கத்து வீட்டு ஜெயலட்சுமி ஒத்துக்கொண்டாள். தலை பின்னக் கற்றுக்கொள்ள ஒரு நாள் சணல் கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டிப் பின்னிப் பார்த்தேன். எல்லாம் தயாராக இருந்தது. அவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதுதான் வரவில்லை.

இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்துவிட்டால் அதற்குப் பிறகு நாள் மிக நீளமாகக் கிடக்கும். மாலையில் படியில் உட்கார்ந்து நான் மட்டும் கடைசி நம்பர் விளையாடினேன். மூன்று பேருக்கும் நானே கல் போட்டேன். தப்பாக எண்ணாமல், சரியாக. ஒரு நாள் கவியா ஜெயிப்பாள், ஒரு நாள் நான். கவியா ஜெயித்தால் முதல் தோசையைத் தின்றுவிடுவேன், பிள்ளை வைத்த மிச்சத்தைத் தின்கிற மாதிரி. ஆனால் பச்சை டப்பா ஒன்பதுக்கு வந்துவிட்டால் எழுந்து உள்ளே போய்விடுவேன். பத்தாவது கல் விழுந்தால் முதல் தோசையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் தடவை அப்படி ஆனபோது தட்டில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது காய்ந்து ஓரங்கள் மேலே தூக்கிக்கொண்டன.

மே மாதக் கடைசி ஞாயிறு வந்தது. அதற்கு முந்தின நாள் மாலையும் பச்சை டப்பா ஒன்பதில் நின்றது. அப்படியே உள்ளே கதவோர அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் கிளம்பும்போது சிவப்பு மூடி டப்பாவை மட்டும் ஒரு பிடி கல்லோடு எடுத்துக்கொண்டேன். அங்கேயே இருக்கப்போகிற பிள்ளைக்கு அவளுடையது அவளிடம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அன்றைக்கும் கவியா தலையைத்தான் ஆட்டினாள். வெயிலுக்காகப் பெரியம்மா அவள் முடியைக் காதோடு வெட்டிவிட்டிருந்தார். சணல் கயிறு ஞாபகம் வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு மலர்கொடி அக்கா ஸ்கூல் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து, அப்பா கையெழுத்து என்ற இடத்தைக் காட்டினார். நான் போட்டேன். அவர் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழம தவறாம வந்துருங்க தம்பி" என்றார்.

சாயங்காலம் செல்லக்கண்ணு என்னைப் பைக்கில் புது பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டார். கவியா பெட்ரோல் டேங்க்கின்மேல் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. "டீ சொல்லிட்டு வரேன் சகல, இங்கயே இருங்க" என்று செல்லக்கண்ணு போனார். நாங்கள் இருவரும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் கால்கள் தரையைத் தொடவில்லை.

ஒரு பஸ் திரும்பி எங்களுக்கு எதிரில் வந்து நின்றது. எட்டு வருஷப் பழக்கம், நம்பரை வாய் தானாகப் படித்தது. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது கவியாவின் பின்கழுத்தை. வெட்டிய முடிக்குக் கீழே அவள் அம்மாவுக்கு இருந்த அதே இடத்தில் ஒரு மச்சம் இருந்தது. அதை நான் அதுவரை பார்த்ததில்லை.

"எட்டு" என்றேன். "எட்டு."

கவியா பஸ்ஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி பஸ்ஸைப் பார்த்தாள்.

"பொய்" என்றாள்.

ஏழு மாதத்தில் என்னிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை.

நான் பஸ்ஸைப் பார்த்தேன். ஆறில் முடிந்திருந்தது. மெமோ வாங்கிய அதே தப்பு. அவள் குரல் தடித்தது.

"பொய் சொல்ற. எட்டு இல்ல, ஆறு. ஆறு அம்மாது."

"ஆமா" என்றேன். "அப்பா தப்பா சொல்லிட்டேன்."

"தப்பு இல்ல. பொய்." கோபமாகத் திருத்தினாள். "அம்மா பொய் சொல்லும். நான் கண்டுபுடிக்கணும். அதான் வெளையாட்டு. நீ பொய்யே சொல்ல மாட்டேங்குற. நீ எல்லாம் சரி சரியா சொல்ற. அப்ப நான் என்ன பண்றது?"

அவள் நிறுத்தவில்லை. ஏழு மாதத்துப் பேச்சு எங்கோ அடைபட்டிருந்து வருவது போல வந்தது.

"அம்மா ஏழ மூணுங்கும். நான் இல்ல, ஏழு, அப்பாதுன்னு சொல்லுவேன். அம்மா என் டப்பாவுல போட்டுரும். நான் எடுத்து ஒன் டப்பாவுல போடுவேன். அம்மா திருட்டு முழி முழிக்கும். அப்பறம் சிரிக்கும்."

"என் டப்பாவுல நீதான் போட்டியா?"

"பின்ன யாரு? நீ வேலைக்குப் போயிருந்த."

நான் வருவதற்குள் என் டப்பாவில் கிடந்த அந்த ஐந்து, ஆறு கற்கள். "இன்னிக்கு நீங்கதான் ஜெயிச்சீங்க." தப்பாகச் சொல்லிக் கொடுக்கிறாள் என்று நான் சண்டை போட்டவள், ஒன்பது எண்ணையும் பிள்ளைக்குத் தெரிய வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வந்திருப்பாள், நான்தான் கோபமாக உள்ளே போயிருப்பேன்.

கவியா டப்பாவைத் திறந்து ஒரு நத்தைக்கல்லை எடுத்தாள். பெஞ்சைச் சுற்றிப் பார்த்தாள். என் பையைப் பார்த்தாள்.

"அம்மா டப்பா எங்க?"

"வூட்ல இருக்குடா."

"ஏன் எடுத்துட்டு வரல?"

"எடுத்துட்டு வரல."

"அப்ப அம்மா கல்ல எதுல போடுறது?"

"நான் கொண்டுபோயி போட்டுர்றேன். குடு."

அவள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "நீ வேற டப்பாவுல போட்டுருவ."

"மாட்டேன்டா."

"நான் கண்டுபுடிச்சேன். நான்தான் போடணும்."

செல்லக்கண்ணு இரண்டு கையிலும் டீ டம்ளரோடு வந்தார். கவியா பெஞ்சிலிருந்து குதித்து இறங்கி அவர் முன்னால் போய் நின்றாள்.

"பெரியப்பா, நான் அப்பாவோட போறேன். கல்லு போடணும்."

அவருக்கு எதுவும் புரியவில்லை. ஒரு கையில் டீ கொட்டிச் சுட்டிருக்க வேண்டும், அதையும் கவனிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். டம்ளர்களைப் பெஞ்சில் வைத்துவிட்டு மனைவிக்குப் போன் போட்டார். "இந்தா, ஒன் மக கெளம்பிட்டா. ஆமா, அதுவாத்தான் சொன்னிச்சு. நாங்க யாரும் சொல்லிக் குடுக்கல." பிறகு நெடுநேரம் மறுபக்கம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். போனை என்னிடம் நீட்டினார்.

"மாத்துத் துணிகூட இல்லியே தம்பி" என்றார் மலர்கொடி அக்கா. பிறகு, "பால்ல சீனி கம்மியா போடுங்க. துணிமணிய நாளைக்கு அவருகிட்ட குடுத்து உடுறேன்" என்றார். அவர் பின்னால் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது போனிலேயே கேட்டது. எனக்கு அந்த அமைதி தெரியும். "ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வரேன்க்கா" என்றேன்.

பஸ்ஸில் கவியா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எதிரே ஒரு லாரி வந்தது. நான் துணிந்து ஒரு பொய் சொன்னேன். ஒன்றை ஐந்து என்றேன். சொல்வதற்குள் நாக்கு தடுமாறியது.

"இப்படிச் சொன்னா ஒடனே தெரிஞ்சிரும்" என்றாள். "அம்மா சிரிக்காம சொல்லும். நீ பயந்துக்கிட்டு சொல்ற."

பாதி வழியில் தூங்கிவிட்டாள். தூக்கத்திலும் வலது கை மூடியே இருந்தது. அரியலூரில் இறங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தபோதும் திறக்கவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்ததும் விழித்துக்கொண்டாள். தோளிலிருந்து வழுக்கி இறங்கினாள். அறைக்குள் போய்ப் பார்ப்பாள், தேடுவாள், அழுவாள் என்று பயந்து நின்றேன். அவள் நேராக அலமாரிக்குப் போய்ப் பச்சை மூடியைத் திறந்து கையை விரித்துக் கல்லைப் போட்டாள். வேர்வையில் நனைந்திருந்த கல் மற்றக் கற்களின்மேல் விழுந்தது. பிறகு டப்பாவைத் தரையில் கவிழ்த்து எண்ணினாள். ஓர் எண் சொல்லி ஒரு கல்லை ஒதுக்கினாள். நான் குறுக்கே பேசவில்லை.

"பத்து" என்றாள். "அம்மா ஜெயிச்சிருச்சு."

பக்கத்து வீட்டில் ஜெயலட்சுமியிடம் மாவு வாங்கிவந்து தோசைக்கல்லைக் காயவைத்தேன். கவியா சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு தட்டை முன்னால் வைத்துக்கொண்டாள். முதல் தோசை நடுவில் பிய்ந்து கோணலாக வந்தது. அதை எடுத்துத் தட்டில் போட்டேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே ஒரு லாரி போனது. பாத்திரங்கள் அதிர்ந்து அடங்கின.

கவியா தோசையை இரண்டாகக் கிழித்தாள். பெரிய துண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அம்மா ஜெயிச்சா எனக்குத்தான் பெருசு தரும்" என்றாள்.

அது பொய்யா உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. சின்னத் துண்டை என் பக்கம் தள்ளினாள்.

"சூடா இருக்கு. தின்னு."